ஒரு கண்ணாடி போனா ஜன்னலே போகணுமா?

"ஜன்னலையே மாத்திருங்க மேடம். இந்தப் பழைய மரத்தை வச்சு இன்னும் எத்தனை காலத்துக்கு மாரடிப்பீங்க?"

அளவு எடுக்க வந்த பையன் சொன்னது. நல்ல பையன்தான். செருப்பை வாசல்லயே கழட்டிட்டு வந்தான், அம்மா குடுத்த மோரை ஒரே மடக்குல குடிச்சான். ஆனா டேப்பை வச்சு நிலை முழுசையும் அளந்துட்டு அவன் நீட்டின கணக்கைப் பாத்ததும் எனக்கு உச்சந்தலை சூடாயிருச்சு.

பதினெட்டாயிரம் ரூபாய்.

உடைஞ்சது ஒரே ஒரு கண்ணாடிங்க! (ரெண்டு கதவு ஜன்னல். கதவுக்கு மூணு கண்ணாடி. அதுல வலது கதவு, நடுக் கண்ணாடி.) ஒன்றரை சதுர அடிகூட வராது. அதுக்காக தேக்கு நிலையைப் பேத்து, கம்பியை அறுத்து, சுவத்தைக் கொத்திப் பூசி, வெள்ளையா ஒரு பிளாஸ்டிக் ஜன்னல் வைக்கணுமாம்.

எனக்கு அந்தப் பையன் மேல கோபம் இல்ல. ஒரு இடத்துல உடைஞ்சா முழுசையும் தூக்கிப் போடுன்னு சொல்ற இந்தப் பழக்கத்து மேலதான் கோபம். மிக்ஸில ஆரம்பிச்சு செல்போன் வரைக்கும் வந்து, இப்ப ஜன்னல்ல நிக்குது.

அந்த ஜன்னல் தாத்தா காலத்துல செங்கோட்டை மரக்கடையில பாத்துப் பாத்து மரம் எடுத்து, வீட்டு முற்றத்துலயே வச்சு ஆசாரி இழைச்சது. இன்னிக்கு வரைக்கும் கறையான் ஏறல. கதவைச் சாத்தினா விளிம்பு விளிம்போட சரியா உக்காருது. அதைச் செஞ்ச ஆசாரிக்குத் தெரியும், கண்ணாடின்னு இருந்தா என்னிக்காவது உடையும்னு. அதனாலதான் சட்டத்துல காடி (ஓரப் பள்ளம்) எடுத்து, கண்ணாடியை அதுல வச்சு, மேல நாலு பீடிங் (மெல்லிசு மரச்சட்டம்) அடிச்சு விட்டிருக்காரு. நாலு பீடிங்கைக் கழட்டினா கண்ணாடி கையில வந்துரும். புதுசு வச்சு திரும்ப அடிச்சா முடிஞ்சது.

ரிப்பேர் பண்றதுக்குன்னே செஞ்ச ஜன்னலை, ரிப்பேர் பண்ண முடியாதுன்னு சொன்னா எப்படி?

அதான் நானே மாத்திட்டேன். கண்ணாடி, பட்டி, ஆணி, தாழ்ப்பாள் எல்லாம் சேர்த்தும் ஐநூறு ரூபாயைத் தாண்டல. மாத்தினதுல எனக்கு வந்த சந்தோஷம் இருக்கே, அதை யார்ட்டயாவது சொல்லியே ஆகணும். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

மொதல்ல எப்படி உடைஞ்சதுன்னு சொல்லிடுறேன்.

எங்க ஊரு தென்காசி, குத்தாலத்துக்குப் பக்கம். குத்தாலம்னு சொன்னா எல்லாருக்கும் அருவி ஞாபகம் வரும். எங்களுக்குக் காத்துதான் ஞாபகம் வரும். தென்மேற்குப் பருவக்காத்து ஆரியங்காவு கணவாய் வழியா நேரா எங்க மேலதான் வந்து விழும். சுரண்டை, கயத்தாறு பக்கமெல்லாம் காத்தாலைங்க சும்மாவா நிக்குது? ஆனியும் ஆடியும் வந்துட்டா சாரலும் காத்தும் சேர்ந்துக்கும். துணி காயப் போட்டா கிளிப்போட போயிரும்.

அப்படி ஒரு ராத்திரி, மாடி ஜன்னலோட மேல் தாழ்ப்பாள் துருவேறிப் போயிருந்தது, பட்டுன்னு விட்டுருச்சு. எங்க வீட்டுக் கதவு உள்பக்கமா திறக்கிற மாதிரி. காத்து தள்ளின தள்ளுல கதவு போய் சுவத்துல அறைஞ்சது. மேல இருந்ததும் கீழ இருந்ததும் தப்பிச்சது. நடுவுல உள்ளது மட்டும் போயிருச்சு.

அம்மா கீழ இருந்தே சத்தம் போட்டாங்க: "ஏட்டி, செருப்பு போடாம நடக்காத! அங்கனயே நில்லு!"

அப்புறம் காலையில இருந்து ஒரே பேச்சு: "உடைஞ்ச கண்ணாடி வீட்டுல இருக்கக் கூடாதுட்டி. மொத வேலையா அதைக் கழட்டு." சாஸ்திரம்னு சொன்னாலும் சரி, பாதுகாப்புன்னு சொன்னாலும் சரி, நான் அம்மா பக்கம். சட்டத்துல பல்லு பல்லா நிக்கிற கண்ணாடி சும்மா நிக்காது. ஒவ்வொரு தடவை காத்து அடிக்கும்போதும் ஒரு சில்லு விழும்.

புதுக் கண்ணாடி வர்ற வரைக்கும் சாரலைத் தடுக்கணுமே. நியூஸ்பேப்பர் ஒட்டினேன், நனைஞ்சு தொங்கிருச்சு. பாலித்தீன் கவர் ஒட்டினேன், ராத்திரி பூரா படபடன்னு அடிச்சு யாரையும் தூங்க விடல. கடைசியில வேலை செஞ்சது எது தெரியுமா? பழைய பிளக்ஸ் பேனர். ஏதோ ஒரு கல்யாண பேனர் வீட்டுல கிடந்தது. சட்டத்தை விட ரெண்டு இஞ்சு பெருசா வெட்டி, நாலு பக்கமும் மடிச்சு, டிராயிங் பின் குத்தினேன். சொட்டுத் தண்ணி உள்ள வரல. (எழுத்து இருக்கிற பக்கம் உள்ள இருந்ததால, மணமக்கள் கொஞ்ச நாள் எங்க மாடி ரூம்ல வாழ்ந்தாங்க. நல்லா இருக்கட்டும்.)

இப்ப கழட்டுற கதை.

மாடி ஜன்னல்ல நின்னவாக்குல வச்சு இந்த வேலையைச் செய்யவே கூடாதுங்கிறது என் கருத்து. கதவைக் கழட்டி, கட்டில்ல ஒரு பழைய போர்வையை விரிச்சு, அது மேல படுக்க வச்சிரணும். வேலையும் சுலபம், கீழ போறவங்க தலைக்கும் பாதுகாப்பு.

ஆனா கீல்ல இருக்கிற ஸ்க்ரூ அவ்வளவு லேசுல வராது. மேல பெயின்ட் மேல பெயின்டா அடிச்சு, ஸ்க்ரூவோட தலையில உள்ள வெட்டே தெரியல. ஒரு ஆணி முனையால வெட்டைச் சுரண்டி எடுத்தேன். சீமெண்ணெய் ஒரு சொட்டு விட்டு, ராத்திரி அப்படியே விட்டுட்டேன். காலையில திருப்புளியை வெட்டுல வச்சு, அதோட பின்பக்கம் சுத்தியலால ரெண்டு தட்டு. அந்த அதிர்ச்சியிலதான் துரு விடும். அதுக்கப்புறம் திருகினா, "கிறீச்"னு ஒரு சத்தம், வந்துருச்சு! அந்தச் சத்தத்துக்கு ஈடே இல்லங்க.

கையில தோல் உறை போட்டுக்கோங்க. காலுக்கு ஷூ. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, வெறும் பவர் கண்ணாடி போதாது. மிச்சம் நிக்கிற கண்ணாடி மேல செலோ டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டிட்டா, உடையும்போது சில்லு சிதறாது. கதவைக் கழட்ட முடியாம, நின்னவாக்குலதான் எடுக்கணும்னா, மேல் விளிம்புல உள்ள துண்டை முதல்ல எடுங்க. கீழ கையை வச்சு வேலை செய்யும்போது மேல இருந்து ஒரு துண்டு வழுக்கி விழுந்தா, மணிக்கட்டுதான் போகும்.

பீடிங்கைக் கழட்ட ஒரு சின்ன வித்தை இருக்கு. மூலையில நெம்பினா பீடிங் உடையும். நீளமான பீடிங்கோட நடுவுல உளியை விட்டு மெதுவா நெம்பணும். நடுவுல வில்லா வளையும், ரெண்டு பக்கமும் ஆணி தானா விடும். அப்படி எடுத்தா திரும்பவும் அதையே அடிக்கலாம். நாலும் உடையாம வந்துச்சு. எது எந்தப் பக்கம்னு பென்சில்ல குறிக்கப் போனா, உள்பக்கம் ஏற்கெனவே குறி இருக்கு! ஒரு கோடு, ரெண்டு கோடு, மூணு கோடு, நாலு கோடு. ஆசாரி போட்டது. அதுவரைக்கும் வெளிச்சமே படாம இருந்திருக்கு அந்தப் பென்சில் கோடு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா ரொம்ப நேரம் கையில வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தாங்க.

காடிக்குள்ள காஞ்சு கிடந்த பழைய பட்டிதான் உயிரை எடுத்துருச்சு. ஆளிவிதை எண்ணெயும் சாக்குத் தூளும் கலந்து பிசைஞ்சதுதான் கண்ணாடிப் பட்டி. அந்த எண்ணெய் காத்துல உள்ள ஆக்சிஜனோட சேர்ந்து மெல்ல மெல்ல இறுகும். இத்தனை வருஷம் கழிச்சு அது கல்லு மாதிரிதான் இருக்கும். கத்தியால சுரண்டினேன், கத்திதான் மழுங்குச்சு. ஹேர் டிரையரை வச்சு சூடு காட்டினேன். அங்கங்க லேசா இளகிச்சு. இளகின இடத்துல உளியைப் படுக்கவாட்டுல வச்சு உள்ளங்கையால தள்ளினா சீவல் சீவலா வந்துச்சு. மூலையில உள்ளதுக்கு மட்டும் சுத்தியல் தேவைப்பட்டுச்சு.

இங்க ஒரு முக்கியமான விஷயம். பழைய பெயின்ட்ல ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. நம்ம நாட்டுல வீட்டு பெயின்ட்ல ஈயம் பத்து லட்சத்துல 90 பங்குக்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி வந்ததே 2016-லதான், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பர்ல. அதுக்கு முந்தி அடிச்ச பெயின்ட்டை வறட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா, அந்தத் தூளு மூச்சுல போகும். குழந்தைங்க இருக்கிற வீடுன்னா ரொம்பவே கவனம். தண்ணி தொட்டுத் தொட்டுத் தேய்ங்க, மாஸ்க் போடுங்க, தூளை ஈரத்துணியால துடைச்சு எடுங்க. பெருக்காதீங்க.

சில்லு பொறுக்குறதைப் பத்தியும் சொல்லணும். பெருக்கி முடிச்சாச்சுன்னு நினைக்கும்போது லைட்டை அணைச்சுட்டு, டார்ச்சைத் தரையோட தரையா வச்சு அடிச்சுப் பாருங்க. கண்ணுக்கே தெரியாம இருந்ததெல்லாம் மினுக்கும். ஈரப் பேப்பரை வச்சு ஒத்தி எடுத்துடலாம்.

அந்தச் சில்லை எல்லாம் என்ன செய்வீங்க? தயவுசெஞ்சு பாலித்தீன் பையில போட்டுக் குப்பை வண்டியில போடாதீங்க. நம்ம தெருவுக்கு வர்ற அக்காங்க வெறுங்கையால பிரிச்சுத்தான் குப்பையைத் தரம் பிரிக்கிறாங்க. பல பேருக்கு உறை இருக்காது, இருந்தாலும் மெல்லிசு. நான் ஒரு அட்டைப் பெட்டியில போட்டு, நாலு பக்கமும் டேப் சுத்தி, மேல கொட்டை எழுத்துல "உடைஞ்ச கண்ணாடி, கை வைக்காதீங்க"ன்னு எழுதி, வண்டி வந்தப்போ நேராக் கையில குடுத்துச் சொன்னேன். அந்த அக்கா, "எல்லாரும் இப்படிக் குடுத்தா நல்லாருக்கும்மா"ன்னு சொல்லிட்டு, உள்ளங்கையில இருந்த தழும்பைக் காட்டினாங்க. இந்தப் பதிவுல வேற எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க.

சரி, அளவு.

நாலு மூலையும் சரியான சதுரமா இருக்கும்னு நம்பவே கூடாது. மரம் வருஷக்கணக்கா வெயிலும் மழையும் பட்டு இழுத்துக்கும். அகலத்தை மேல, நடுவுல, கீழன்னு மூணு இடத்துல அளக்கணும். உயரமும் அப்படியே. அதுல எது சின்னதோ அதுதான் கணக்கு. அப்புறம் மூலைக்கு மூலை குறுக்கா ரெண்டு பக்கமும் அளந்து பாக்கணும். ரெண்டும் ஒண்ணா வந்தா சட்டம் கோணலில்ல. எனக்கு வந்தது: பதினேழு இஞ்சு நாலு நூல், பதினொண்ணு இஞ்சு ஆறு நூல்.

(டேப்ல மில்லிமீட்டர் பாத்தே பழகினவங்களுக்கு: இஞ்சுல எட்டுல ஒரு பங்குதான் ஒரு நூல். மூணு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. மரவேலைக்கும் கண்ணாடிக்கும் எங்க ஊர்ல இன்னும் நூல் கணக்குதான்.)

கண்ணாடிக் கடை அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு என் சீட்டை வாங்கிப் பாத்தாரு.

"இது காடி அளவா, கண்ணாடி அளவா தாயி?"

எனக்கு அவரு மேல மரியாதையே வந்தது அந்தக் கேள்வியிலதான். கண்ணாடி காடிக்குள்ள இறுக்கமா உக்காரக் கூடாது. மழைக்காலத்துல மரம் ஊதும், வெயில்ல கண்ணாடி விரியும். இடம் இல்லன்னா எங்கயாவது ஒரு மூலையில அழுத்தம் ஏறி, யாரும் தொடாமலே ஒரு நாள் விரிசல் விடும். அதனால காடி அளவுல இருந்து நீளத்துல ஒரு நூல், அகலத்துல ஒரு நூல் குறைச்சு வெட்டணும்.

"காடி அளவு அண்ணாச்சி."

"அப்பம் பதினேழு மூணு, பதினொண்ணு அஞ்சு. பிளைனா, பின்ஹெட்டா?"

பின்ஹெட்னா குண்டூசித் தலை மாதிரி புள்ளி புள்ளியா இருக்குமே, அது. பாத்ரூம் ஜன்னலுக்குப் போடுறது. வெளிச்சம் வரும், ஆளு தெரியாது. (அதைப் போடுறவங்க வழவழப்பான பக்கத்தை வெளிய பாத்து வைங்க. புள்ளிப் பக்கம் வெளிய இருந்தா தெருத் தூசி எல்லாம் அதுலதான் தங்கும்.) எனக்கு மாடி ஜன்னல்ல மலை தெரியணும். பிளைன்தான்.

"மூணு எம்.எம். போதுமா?"

"நாலு போடுங்க. உங்க ஊர்க் காத்துக்கு மூணு பத்தாது" ன்னாரு. அவரும் அதே ஊருதான், ஆனா மாடி வீட்டுக்காரங்க எல்லாம் வேற ஊருன்னு நினைப்பு போல.

அவர் சொன்னது சரி. தடிமன் ஒரு எம்.எம். கூடினா என்ன பெருசா வந்துரப் போகுதுன்னு தோணும். ஆனா வளைஞ்சு குடுக்காம நிக்கிற திறன் தடிமனோட மும்மடிக் கணக்குல ஏறும். மூணுல இருந்து நாலுக்குப் போனா ரெண்டு மடங்குக்கும் மேல! எடை மட்டும் கொஞ்சம் கூடும். ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு எம்.எம். தடிமனுக்கு, ரெண்டரை கிலோ. என் துண்டு 1.3 கிலோ சுமார். தேக்குச் சட்டத்துக்கு அதெல்லாம் ஒரு கனமா?

விலை போடும்போது பதினெட்டுக்குப் பன்னிரண்டுன்னு எடுத்துக்கிட்டாரு, அதாவது ஒன்றரை சதுர அடி. மூணு இஞ்சு மூணு இஞ்சாத்தான் அளவை மேல ஏத்திக் கணக்குப் போடுறாரு. வெட்டினதுக்கு அப்புறம் மிஞ்சுற கீத்து யாருக்கும் உதவாதே, நியாயம்தான்.

வெட்டுறதை நீங்க பாக்கணும். மேசை மேல சாக்கு விரிச்சு, கண்ணாடியைப் படுக்க வச்சு, மரச்சட்டத்தை அளவுக்கு நேரா வச்சாரு. கட்டர் சக்கரத்தைச் சீமெண்ணெய்ல ஒரு முக்கு. இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் ஒரே இழுப்பு. "சர்ர்ர்"னு பட்டுத்துணி கிழியிற சத்தம். கையை எடுக்கல, நிறுத்தல, திரும்ப ஒரு தடவை போகல. அப்புறம் மேசை விளிம்புக்குக் கொண்டு வந்து, ரெண்டு கையாலயும் ஒரு அமுக்கு. டக். கோடு போட்ட மாதிரி பிரிஞ்சு வந்துச்சு.

"ரெண்டாவது தடவை இழுத்தா என்ன ஆகும் அண்ணாச்சி?"

"சக்கரமும் போகும், கண்ணாடியும் போகும். ஒரு கீறலுக்குத்தான் அது கேக்கும்."

இதுக்குப் பின்னாடி ஒரு பெரிய விஞ்ஞானம் இருக்கு. கண்ணாடி உண்மையில பயங்கர பலமான பொருள். ஆனா அதோட மேல்பரப்புல கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிக் கீறல்கள் நிறைய இருக்கும். இழுக்கும்போதோ வளைக்கும்போதோ அந்தக் கீறலோட நுனியில அழுத்தமெல்லாம் போய்க் குவியும். அங்க இருந்து விரிசல் ஓடும். இதை 1921-ல கணக்குப் போட்டுக் காட்டினவரு இங்கிலாந்துல ஏ. ஏ. கிரிஃபித்னு ஒரு பொறியாளர். விமானத்துக்கான உலோகம் ஏன் உடையுதுன்னு யோசிச்சவரு, சோதனைக்கு எடுத்துக்கிட்டது கண்ணாடியை. விரிசல் பத்தின படிப்பே அங்க இருந்துதான் கிளம்புது. அண்ணாச்சி செய்யிறது என்ன? கண்ணாடி எங்க உடையணும்னு அவரே ஒரு கீறலைப் போட்டுச் சொல்லிடுறாரு. கிரிஃபித் பேரைக் கேள்விப்படாமலே அந்தக் கணக்கு அவரு கையில இருக்கு.

கடையில சுவத்தோரம் பெரிய பெரிய ஷீட்டா சாத்தி வச்சிருந்தாங்க. அவ்வளவு தட்டையா, அலையே இல்லாம. எங்க வீட்டுப் பழைய கண்ணாடி அப்படி இல்ல. அது வழியா பாத்துக்கிட்டே தலையை லேசா அசைச்சா, எதிர் வீட்டுத் தென்னை நெளியும். சின்ன வயசுல எனக்கு அது ஒரு விளையாட்டு.

கண்ணாடி நாளாக நாளாக மெதுவாக் கீழ ஒழுகுது, அதான் பழைய கண்ணாடி நெளியுதுன்னு சிலர் சொல்லுவாங்க. அது தப்பு. நம்ம வீட்டுச் சூட்டுல கண்ணாடி ஒழுகாது. செய்யும்போதே வந்த அலை அது. அப்ப உருகின கண்ணாடியை உலையில இருந்து மேல் நோக்கி இழுத்துத்தான் தகடாக்கினாங்க. இழுக்கிற இழுப்புல தடிமன் கூடிக் குறையும்.

இதை மாத்தினது தகரம். ஆமா, உருக்கின வெள்ளீயம்! இங்கிலாந்துல செயின்ட் ஹெலன்ஸ்ங்கிற ஊர்ல பில்கிங்டன் கம்பெனியில அலாஸ்டர் பில்கிங்டன்னு ஒரு பொறியாளர். (பேரு ஒண்ணா இருந்தாலும் முதலாளி குடும்பத்துக்கு நேரடி உறவு இல்லையாம்.) உருகின தகரக் குளத்து மேல உருகின கண்ணாடியை ஊத்தினா அது தானா மிதந்து தட்டையாகும்னு அவருக்குத் தோணுச்சு. 1952-ல ஆரம்பிச்சு, வருஷக்கணக்கா உடைஞ்ச கண்ணாடியாவே கொட்டி, 1959-லதான் உலகத்துக்குச் சொன்னாங்க. தகரம் 232 டிகிரியிலயே உருகிரும், கண்ணாடி அதுக்கு மேல இறுகி வெளிய வந்துரும். அதான் சூட்சுமம். சும்மா மிதக்க விட்டா கண்ணாடி ஆறு, ஏழு எம்.எம். தடிமன்ல தானா நின்னுக்குமாம். நமக்கு வேண்டிய நாலு எம்.எம்.முக்கு அதை இழுத்து மெலிசாக்குறாங்க. நம்ம நாட்டுக்கு இந்த மாதிரி ஆலை 1990-கள்ல வந்தது. 2000-ல ஸ்ரீபெரும்புதூருக்கே வந்துருச்சு.

கண்ணாடி ஓரத்தைச் சாணைக்கல்லால ரெண்டு தீத்து தீத்தி, பேப்பர்ல சுத்திக் குடுத்தாரு. "படுக்க வச்சுக் கொண்டு போகாதிய, நிக்க வச்சே கொண்டு போங்க." ஆட்டோல மடியில படுக்க வச்சா ஒரு பள்ளம் போதும். நிமிர்த்திப் பிடிச்சா நல்லாத் தாங்கும்.

வீட்டுல குழந்தைங்க ஓடி விளையாடுற உயரத்துல, தரையோட தரையா இருக்கிற கண்ணாடின்னா நீங்க டஃபண்ட் கண்ணாடிதான் போடணும். உடைஞ்சாலும் கத்தி மாதிரி நீளத் துண்டா வராது, பொடிப் பொடியா உதிரும். அதை அளவு குடுத்துச் செஞ்சு வாங்கணும். சூடேத்திச் சட்டுன்னு குளிர வச்சதுக்கு அப்புறம் அதை வெட்டவே முடியாது.

இனி மாட்டுறது. இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி.

சுத்தம் பண்ணின காடியில முதல்ல ஆளிவிதை எண்ணெய் ஒரு பூச்சு. காஞ்ச மரத்துல நேரா பட்டியை வச்சா, மரம் எண்ணெயை உறிஞ்சிரும். பட்டி வறண்டு வெடிக்கும். பட்டியை டப்பாவுல இருந்து எடுத்து உள்ளங்கையில வச்சுப் பிசையணும். சப்பாத்தி மாவு பதம். கையில ஒட்டினா சாக்குத் தூள் கொஞ்சம், வெடிச்சா எண்ணெய் ஒரு சொட்டு. அம்மா என் கையில இருந்து பிடுங்கி அவங்களே பிசைஞ்சாங்க. சமையல்கட்டுக் கை, ஒரு நிமிஷத்துல பதம் வந்துருச்சு!

அதைச் சரம் சரமாத் திரிச்சு, காடி நெடுக மெல்லிசா அமுக்கினோம். இந்த அடிப்பட்டியை இப்ப நிறைய பேர் வைக்கிறதே இல்ல. கண்ணாடியை வெறும் மரத்து மேல வச்சு பீடிங்கை அடிச்சிட்டுப் போயிடுறாங்க. அதான் லாரி போனா ஜன்னல் கடகடன்னு ஆடுது, சாரல் அடிச்சா ஓரத்துல தண்ணி கசியுது. பழைய ஜன்னல்னாலே அப்படித்தான்னு மரத்து மேல பழி வருது. மரம் என்ன பண்ணும்? பத்து நிமிஷ வேலையை விட்டது நாம.

கண்ணாடியைக் கீழ் விளிம்பு முதல்ல, அப்புறம் மெதுவா மேல் விளிம்புன்னு இறக்கி, ஓரத்துல மட்டும் அமுக்கணும். நடுவுல கையே வைக்கக் கூடாது. பட்டி சீரா பிதுங்கி வெளிய வரும். நாலு பக்கமும் இடைவெளி ஒரே அளவா இருக்கான்னு பாத்துட்டு, பீடிங். அதே பழைய பீடிங், அதே கோடு வரிசை. ஆணி அடிக்கும்போது கண்ணாடி மேல ஒரு கனத்த அட்டையை வச்சு, சுத்தியலை அந்த அட்டை மேல வழுக்கிக்கிட்டே அடிச்சேன். மேல இருந்து ஓங்கி அடிக்கிற வேலையே இல்ல. ஆணி முனையைக் கட்டிங் பிளேயர்ல லேசா மழுக்கிட்டா, மெல்லிசு பீடிங் பிளக்காது.

பிதுங்கின பட்டியைக் கத்தியால சீவி எடுத்துட்டு, கதவைத் தூக்கி மாட்டினோம். அம்மா டார்ச் பிடிச்சாங்க, பக்கத்து வீட்டுத் தம்பி கதவைத் தாங்கிப் பிடிச்சான், நான் ஸ்க்ரூ முடுக்கினேன். புதுத் தாழ்ப்பாளும் போட்டாச்சு, சுவத்துல கதவு படுற இடத்துல ஒரு ரப்பர் புஷ்ஷும் அடிச்சாச்சு. கண்ணாடியைப் போட்டுட்டு, அது உடைஞ்ச காரணத்தை அப்படியே விட்டா எப்படி?

விரல் முட்டியால கண்ணாடியைத் தட்டிப் பாத்தேன். பழைய கண்ணாடி கலகலங்குது. புதுசு "தொப்"னு அடங்கின சத்தம். அன்னிக்கு சாயங்காலமே சாரல் வந்துச்சு, மேற்க இருந்து சாய்வா, ஜன்னலுக்கு நேரா. உள் ஓரத்துல விரலை வச்சுத் தடவினேன். காஞ்சு கிடக்கு!

அந்த அளவெடுத்த பையனுக்கு போன் பண்ணி, வேண்டாம் தம்பின்னு சொல்லிட்டேன். "கண்ணாடி மட்டும் மாத்துற ஆளு கிடைச்சுட்டாங்களா மேடம்? எங்க அம்மா வீட்டுலயும் ஒண்ணு உடைஞ்சு கிடக்கு"ன்னு கேட்டான். அண்ணாச்சி கடைக்கு வழி சொல்லி, காடியை எப்படி அளக்கணும்னும் சொன்னேன். ஒரு நூல் குறைக்கணுங்கிறதை அவன் ரெண்டு தடவை கேட்டுக் குறிச்சுக்கிட்டான்.

இன்னும் பெயின்ட் அடிக்கல. பட்டி மேல தோல் கட்டி இறுகட்டும், அதுக்கு முன்னாடி அடிச்சா சுருங்கிப் போகும். சாரலும் கொஞ்சம் ஓயணும். அதுக்குள்ள வீட்டுல ஒரு வழக்கு ஓடுது. தேக்கு தெரியிற மாதிரி எல்லாத்தையும் சுரண்டி வார்னிஷ் அடிக்கணும்னு நான். தாத்தா அடிச்ச அதே பச்சைதான் வேணும்னு அம்மா. பழைய பெயின்ட்டைச் சுரண்டினா ஈயத் தூளு பறக்குமேன்னு நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்றாங்க. பதில் இல்ல என்கிட்ட. அந்தப் பச்சை, மின்ட்டும் இல்லாம இலைப் பச்சையும் இல்லாம நடுவுல ஒண்ணு, பழைய போஸ்ட் ஆபீஸ் ஜன்னல்ல எல்லாம் இருக்குமே, அது இப்ப எந்த டப்பாவுல என்ன பேர்ல வருதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.